ஸ்விட்ச் மாமாவின் கார் ஃபேன்

மின்விசிறிகளுக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால், கல்கத்தாவில் அவை முதல் கேஸை ஸ்விட்ச் மாமாவின் மேல்தான் போட்டிருக்கும். அவர் கையால் நின்றுபோன ஃபேன்களை எண்ணத் தொடங்கி நானே தோற்றேன். துறைமுக ஆபீஸின் கணக்குப் பிரிவில் தலை நரைத்தவன் நான். எண்ணுவதில் தோற்பது எனக்கு வழக்கமில்லை.

பாலிகஞ்சில் எங்கள் கட்டடத்தில் நான்கு தமிழ்க் குடும்பங்கள். இரண்டாவது மாடியில் நான், எனக்கு நேர் மேலே மாமாவும் மாமியும். மாமா பாங்கில் ஆபீசராக இருந்து ரிடையரானவர். சொந்தப் பெயர் வாசற்பலகையில் இருந்தது, யாரும் அதைப் படித்ததில்லை. பெங்காலிக் குழந்தைகளுக்கும் அவர் ஸ்விட்ச் மாமாதான். அவர்கள் பாஷையிலும் மாமா என்றால் மாமாதான் என்பதால் மொழிபெயர்க்கும் வேலைகூட இல்லை.

மாமியோடு எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் கை ஸ்விட்ச் போர்டுக்குப் போகும்.

"என்ன ஓய், ஃபேன் சும்மா சுத்திண்டிருக்கு!"

"சும்மா இல்லை. கீழே நான் இருக்கேன்."

"உமக்கு வேர்க்கறதா?"

"இப்போ வேர்க்கறது."

"அது நான் நிறுத்தினதுக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி வேர்த்துதா? இல்லையே! அப்போ எதுக்கு ஃபேன்?"

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று நான் பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

சால்ட் லேக் பேட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மாமா, மாமியை அழைத்துக்கொண்டு போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு ஃபேன், விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்துகொண்டிருந்தது. மாமா பிளக்கைப் பிடுங்கினார். கூடவே மணமேடை விளக்குகளும் அணைந்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெனரேட்டர்காரனைத் திட்ட ஓடினார். மாமா மட்டும் இருட்டில் நிம்மதியாக மாமியின் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

மாமியைக் காட்டப் போன டாக்டர் வீட்டு வராந்தாவில் அவருக்கும் கம்பவுண்டருக்கும் கைகலப்பே வந்திருக்கும். காத்திருந்தவர்கள் பதினொரு பேர். நான் எண்ணினேன். பதினொரு பேரும் வியர்த்து வழிய, மாமா ஸ்விட்சுக்குக் காவல் நின்றார். ஏன் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

"கரண்ட் பில் என்ன சும்மாவா வரது?"

"அதை நீங்க கட்டலையே மாமா!"

"யாரோ கட்டறாளோல்லியோ?"

மகா கஞ்சன் என்று கட்டடம் முழுக்கத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்டையில் ஆபரேஷன் ஆகி வந்ததிலிருந்து மாமிக்குக் குரல் தேய்ந்துவிட்டது. அரிசி களையும் சத்தம் அளவுக்குத்தான் பேச்சு வரும். ஆனால் பேச்சு குறையவில்லை. அதற்கு முன்னால் கட்டடத்துச் செய்திகள் எல்லாம் மாமியின் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வரும். இப்போதும் வாய் அசைந்துகொண்டே இருக்கும், நாங்கள்தான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

மாமாவிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. சாயங்காலம் மாமியை உட்கார வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கத்து லேக்கை ஒரு சுற்று சுற்றி வருவது அவர்கள் வழக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு மாமி அந்தக் காரில் ஏற மறுத்துவிட்டார். மாடிப்படியில் நான் வழிவிட்டு நின்றபோது அவர் சொன்னது, அவ்வளவு அருகில் நின்றதால் என் காதிலும் விழுந்தது.

"அது போடற கூச்சல்ல நான் ஊமை மாதிரி உக்காந்திருக்கணும். நீங்களே போயிட்டு வாங்கோ."

"துர்கா பூஜைக்குள்ள உன்னை அதுல உக்கார வெச்சுக் காட்டறேன், பார்" என்றார் மாமா.

அந்தக் கூச்சலுக்குக் காரணம் எஞ்சினுக்கு முன்னால் இருந்த இரும்பு ஃபேன். ரேடியேட்டர் தண்ணீரைக் குளிர்விக்க வைத்தது. எஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டியிருப்பதால், எஞ்சின் ஓடும் வரை அதுவும் ஹோவென்று சுற்றும். மாமா பானெட்டைத் திறந்து வைத்து எனக்குப் பிரசங்கமே செய்தார்.

"டிசம்பர் குளிர்லயும் சுத்தறது ஓய் இது! தேவையா? இதைக் கழட்டிட்டு ஒரு எலெக்ட்ரிக் ஃபேன் வெச்சா, தண்ணி சூடாறப்போ மட்டும் சுத்தும். ஆறினதும் வாயை மூடிண்டு கிடக்கும். பெட்ரோலும் மிச்சம்."

வீட்டு ஃபேன்கள் எல்லாம் முடிந்து இப்போது காருக்கு வந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பழைய கார் சாமான் விற்கும் மல்லிக் பஜாரில் அலைந்து, ஏதோ ஒரு சின்னக் காரிலிருந்து கழற்றிய எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்றை வாங்கி வந்தார். தெருமுனையில் கார் ரிப்பேர் செய்யும் மிஸ்திரி இரும்பு ஃபேனைக் கழற்றி எறிந்துவிட்டு, புதியதை ரேடியேட்டருக்குப் பின்னால் பொருத்திக் கொடுத்தான்.

"மேஷோமஷாய், ஒயர் கனெக்‌ஷனும் நானே கொடுத்துடறேனே" என்று சித்தப்பா முறை வைத்துப் பெங்காலியில் கெஞ்சினான்.

"என் வீட்டு ஸ்விட்ச் போர்டு முழுக்க நான் போட்டது. இந்த ரெண்டு ஒயர் எனக்கு ஜுஜுபி" என்று தமிழில் சொல்லி அவனை அனுப்பிவிட்டார்.

ஃபேன் சுற்றியது. மாமா கை தட்டினார். மாமியை ஏற்றிக்கொண்டு காளிகாட்டுக்குக் கிளம்பினார். பின் சீட்டில் சாட்சியாக நான்.

கரியாஹாட் நெரிசலில் நகர முடியாமல் நின்றோம். வண்டி சமர்த்தாக இருந்தது. நெரிசல் தாண்டி ரோடு காலியானது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. நாலு தெரு போவதற்குள் பானெட் இட்லிப் பானையாகிவிட்டது. மாமி இறங்கி, புடவைத் தலைப்பால் ஆவியை விலக்கிவிட்டு, ஒரு டாக்ஸியில் ஏறி வீட்டுக்குப் போனார். அந்தக் குரலில் திட்டியிருந்தால்கூட மாமாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உலகத்துக் கார்களெல்லாம் நெரிசலில் கொதிக்கும், காலி ரோட்டில் ஆறும். இது தலைகீழ். வேறு யாராக இருந்தாலும் ஃபேனைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். மாமா ரோட்டைச் சந்தேகப்பட்டார்.

"இது கல்கத்தா வண்டி ஓய். கூட்டம் இருந்தாத்தான் இதுக்கு ஒத்துக்கறது" என்று முடிவு கட்டி, ஜாம் இருக்கும் தெருக்களாகத் தேடித் தேடி ஓட்டிப் பார்த்தார். ஊரெல்லாம் நெரிசலுக்குப் பயந்து மேம்பாலத்தில் ஏறும். மாமா மேம்பாலத்தைக் கண்டு பயந்து நெரிசலுக்குள் புகுவார். "இன்னிக்கு ராஷ்பிஹாரி பக்கம் ஊர்வலம் உண்டா?" என்று பேப்பரில் ஆவலோடு தேடுகிற மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மிஸ்திரியிடம் காட்டுங்கள் என்றால் முகம் சிவந்துவிடும். மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. மாமி மாடியில், மாமா கீழே பானெட்டுக்குள்.

பூஜைக்குச் சில நாள் முன்பு, கரியாஹாட் சந்திப்பில் ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிள் எங்கள் காருக்கு முன்னால் வந்து நின்று கையைக் காட்டினார். நின்றவர் சட்டென்று குனிந்து தன் வெள்ளை பேண்டைப் பார்த்தார். அது கொடி மாதிரி படபடத்துக்கொண்டிருந்தது. காரைச் சுற்றி வந்து ஜன்னலில் தலையை நீட்டி, பெங்காலிக்காரர்கள் தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி மாமாவைக் கூப்பிட்டார்.

"தாது, வண்டி என் மேலே ஊதறதே! வெந்நீர்க் குளியல் மாதிரி இருக்கு. குளிர்காலத்துல வாங்களேன்."

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். சிக்னல் பச்சையானது தெரியவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின.

காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன் வெளியே ஊதிக்கொண்டிருந்தது. மாமா இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தார். நிற்கும்போது எப்படியோ சமாளித்த ஃபேன், ஓடும்போது எதிரே வந்த நல்ல காற்றைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. சரி செய்ய இரண்டு நிமிஷம் ஆயிற்று. "ஒரு மழைக்காலம் போச்சே ஓய்" என்றார் மாமா. கை நிறையக் கிரீஸ்.

பூஜையில் சப்தமி அன்று மாமி காரில் ஏறினார். என்னையும் கூப்பிட்டார்கள். மாமா கண்ணாடிகளை ஏற்றினார். லேக் ஓரமாக வண்டி போனது. கூச்சல் இல்லை. அப்போதுதான் மாமியின் பேச்சு எனக்கு முழுதாகக் கேட்டது. பந்தல் அலங்காரம், பெங்களூரில் இருக்கும் பிள்ளை போன் செய்யாதது, என் வீட்டு ரசத்தில் புளி அதிகம் என்பது, எல்லாம் வந்தது. திடீரென்று எலெக்ட்ரிக் ஃபேன் உறுமியது. மாமி பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டார். ஃபேன் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார். மாமா ஒவ்வொன்றுக்கும் "உம், அப்புறம்?" என்றார். ஒன்றைக்கூட விடவில்லை.

கல்யாண வீட்டில் இருட்டில் சாய்ந்த அந்தத் தலை என் நினைவுக்கு வந்தது.

மாமியை மாடியில் விட்டுவிட்டு வந்தவரிடம் கேட்டேன். "கரண்ட் பில்லெல்லாம் பொய்யா மாமா?"

"பின்னே? உன் குரல் கேக்கலைடின்னு அவகிட்டச் சொல்லச் சொல்றீரா? சொன்னா அன்னியோட பேச்சை நிறுத்திடுவா. கஞ்சன்னா கஞ்சனா இருந்துட்டுப் போறேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க வெள்ளைக் கார் தினமும் லேக்கைச் சுற்றியது. குளிரில் அந்த ஃபேனுக்கு வேலையே இருந்திருக்காது. அடுத்த வெயில் வருவதற்குள் மாமி போய்விட்டார்.

வைசாக மாதத்து வெயிலில் ஒரு மத்தியானம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். ஸ்விட்ச் போர்டைத் தாண்டி நேரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. நான் எழுந்தேன்.

"இருக்கட்டும் ஓய், சுத்தட்டும்" என்றார்.

நான் போய் நிறுத்தினேன். அறை அமைதியானது. இரண்டு பேருக்கும் உடனே வியர்த்தது.

"சொல்லுங்கோ மாமா" என்றேன். "மாமி அந்தக் குளிர்காலம் முழுக்கக் கார்ல என்னெல்லாம் சொன்னார்?"