கொம்பையாவின் தாங்குதிறன்

குன்றத்தூர் முருகன் சந்நிதியில் சூடம் அணைக்கச் சொன்னாலும் அணைப்பேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஒரகடம் பக்கம் கார் டாஷ்போர்டு செய்கிற கம்பெனி ஒன்று. கத்திரி வெயிலில் டாஷ்போர்டு வெடித்துவிடக் கூடாதென்று குடோனுக்கு ஏசி. அந்த டாஷ்போர்டுக்குத் தோலுறை ஒட்டுகிற ஆட்களுக்குத் தகரக் கூரை. தென்காசியிலிருந்து வந்த கொம்பையாவுக்கு வடக்குப்பட்டு வாடகை ரூமிலும் தகரம்தான். ஷிப்டிலாவது கொஞ்சம் காற்று வரட்டும் என்று ஒரே ஒரு ஃபேன் கேட்டான்.

சூப்பர்வைசர் தணிகாசலம் அவனைத் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ரகுபதியிடம் கூட்டிப் போனார்.

“டாஷ்போர்டு எத்தனை டிகிரியில கெடும்னு சோதிச்சுப் பார்த்துதான் ஏசி போட்டோம்,” என்றார் ரகுபதி. “நீ எத்தனை டிகிரியில கெடுவே?”

“தெரியலயே சார்.”

“தெரியாம எப்படிப்பா ஃபேன் சாங்ஷன் பண்றது?”

கொம்பையாவுக்கே அது நியாயமாகத்தான் பட்டது. மேற்படியான் காரின் உட்புறப் பொருளாகத் தற்காலிகமாகக் கருதப்பட்டு, சோதனை அறைக்குள் வைத்துப் பூட்டப்பட்டான். முதலில் ராஜஸ்தான் வெயில் விட்டார்கள். அடுத்து காஷ்மீர் குளிர். அதில் அவன் நடுங்கிய நடுக்கத்தில் அதிர்வுச் சோதனையும் சேர்ந்தே முடிந்தது.

“அண்ணாச்சி, கதவத் தொறங்க. நான் கெட்டுட்டேன், எழுதிக்கிடுங்க.”

“கெட்டவன் இப்டி கத்தமாட்டான்பா,” என்றார் வெளியே தணிகாசலம். “இரு, மெட்ராஸ் புழுக்கம் இன்னும் பாக்கி கீது.”

வெளியே வந்ததும் பரிசீலித்தார்கள். நிறம் மங்கவில்லை. குதிகால் வெடிப்பு சோதனைக்கு முந்தியது. டாஷ்போர்டை முகர்ந்து பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் மூவர் அவனையும் முகர்ந்தார்கள். இருவர் பாஸ் போட்டார்கள், ஒருவர் லீவு போட்டார்.

ரகுபதி கை கொடுத்தார். “எதையும் தாங்குறியே. அப்புறம் உனக்கு ஃபேன் எதுக்கு?”

மறுநாள் சுற்றறிக்கை வந்தது: மனித இனம் எல்லாத் தட்பவெப்பத்தையும் தாங்கும் என்பது நிரூபணமானபடியால், ஆட்கள் இருக்குமிடத்து ஏசிகள் யாவும் குடோனுக்கு மாற்றப்படுகின்றன. முதலில் கழன்றது ரகுபதி ரூம் ஏசி.

சட்டை நனைய மேலிடத்துக்கு ஓடினார். “சார், நான் வேற, அவன் வேற.”

“ஒரு சாம்பிள் பாஸானா மொத்த லாட்டும் பாஸ். நீங்க போட்ட ரூல்தானே?”

அந்த ஏசியைத் தூக்கிக்கொண்டு போனபோது தகரக் கூரையின் கீழ் அத்தனை பேரும் கைதட்டினார்கள். கொம்பையாதான் ரொம்ப நேரம் தட்டினான். ஃபேன் கேட்கத்தான் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

இதை யார் சொன்னது என்று மட்டும் எங்கேயும் மூச்சு விடாதீர்கள். என்னை மாதிரிக் கிழவன் எத்தனை டிகிரி தாங்குவான் என்று அவர்கள் இன்னும் சோதிக்கவில்லை.