பாதித் தாடி அண்ணனின் இடது கன்னம்

ஜொகூர் மாநிலத்தில், ஏன், மலேசியா முழுவதிலும் கன்னத்தைக் கம்பெனிக்குக் கொடுத்து மாதச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பாதித் தாடி அண்ணன்தான். இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால், பஸ் ஏறி வந்து பார்க்கத் தயாராக இருக்கிறேன்.

தம்போய் என்ற ஊரில் ஒரு சின்னத் தொழிற்சாலை. சரக்கை லாரியில் ஏற்றி அனுப்புவது என் வேலை. நாங்கள் செய்தது பிரஷ். சுவருக்குச் சாயம் அடிக்கிற பிரஷ் இல்லை. இயந்திரத்தில் ஒரு பாகம் ஓடும், பக்கத்துப் பாகம் சும்மா நிற்கும். நடுவே ஓர் இடுக்கு இருக்கும். அதன் வழியாகத் தூசி புகாமல் இருக்க, நீளமான அலுமினியப் பட்டையில் நைலான் இழைகளை நெருக்கமாகப் பதித்துக் கொடுப்போம். இழை விறைப்பாக இருந்தால் ஓடும் பாகத்தைச் சுரண்டும். மெத்தென்று இருந்தால் தூசியை உள்ளே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும். பதமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அண்ணனின் பொறுப்பு.

எப்படிப் பார்ப்பார்? ஒவ்வொரு பிரஷையும் எடுத்து இடது கன்னத்தில் ஓர் இழுப்பு இழுப்பார். கண்ணை மூடுவார். பிறகு "பாஸ்" என்பார், இல்லாவிட்டால் உதட்டைப் பிதுக்குவார். இதற்காக இடது கன்னத்தைக் காலையில் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை மழமழவென்று மழித்துக்கொள்வார். வலது கன்னத்தில் கத்தியே படாது. அங்கே தாடி காடாக வளர்ந்து கிடந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை. வேண்டுதலா, தோல் வியாதியா, பந்தயத்தில் தோற்றாரா? கடைசியில் கேட்டே விட்டேன்.

"அண்ணே, ரெண்டு பக்கமும் மழிச்சா என்ன?"

"முழுசா மழிச்சா அவசரத்துல எந்தக் கன்னம்னு மறந்து போயிடும் லா. இது வேலைக் கன்னம். அது வீட்டுக் கன்னம்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

எங்கள் முதலாளியை எல்லோரும் மேடம் என்போம். கணக்காகப் பேசுகிற பெண்மணி. ஒருநாள் ஓர் அளவுக்கருவியை வாங்கி வந்து அண்ணனின் மேசைக்குப் பக்கத்திலேயே வைத்தார். பிரஷை அதில் அழுத்தினால் எண் காட்டும்.

"மூணு மாசம் ரெண்டையும் பாப்போம். என்னைக்காவது கருவி ஒண்ணு சொல்லி, நீங்க ஒண்ணு சொன்னா, யாரு தப்போ அவங்க மேசைய காலி பண்ணனும். சரியா அண்ணே?"

"சரி மேடம்" என்றார் அண்ணன், கருவியைப் பங்காளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு.

இரண்டு மாதம் கன்னமும் கருவியும் ஒரே குரலில் பேசின. எனக்கே மெய் சிலிர்த்தது.

அப்புறம் ஒருநாள், பாசிர் கூடாங்கில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போக வேண்டிய சரக்கு. அங்கே பொட்டலம் கட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்கள் பிரஷுக்காகக் காத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் பத்து நிமிஷத்துக்கு ஒரு கேள்விக்குறி வந்தது. அண்ணன் காலையில் கிளினிக்குக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தார். வந்தவர் வாயே திறக்கவில்லை. முதல் பிரஷை இழுத்தார், உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதற்கும் அதே. முப்பது பிரஷையும் ஒதுக்கிவிட்டார்! கருவியோ எல்லாம் நல்ல சரக்கு என்றது.

மேடம் ஓடி வந்தார். கருவியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். லாரியை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

அண்ணன் முகம் வெளுத்திருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. கடையில் ஒரு கோப்பை தேத்தாரே, நுரை வர ஆற்றிய தேநீர், வாங்கி வந்து கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார். தேநீர் இடது கடைவாய் வழியாகச் சட்டையில் கொட்டியது. அவருக்கு அது தெரியவே இல்லை!

"அண்ணே, கிளினிக்குல என்ன பண்ணாங்க?"

வாயிலிருந்த பஞ்சை ஒதுக்கிவிட்டுச் சொன்னார். "பல்லு புடுங்குனாங்க. மரத்துப் போற ஊசி போட்டு..."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். பல்லு உள்ள இருக்கு, கன்னம் வெளிய இருக்கு, அதுக்கும் இதுக்கும் என்ன..." அங்கேயே நிறுத்தினார். கன்னத்தை விரலால் கிள்ளிப் பார்த்தார். இன்னும் பலமாகக் கிள்ளினார். "அலமாக்!" என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். மேடம் லாரியை நிறுத்தியதே அண்ணன் சொல்லை நம்பித்தான். இவரோ எழுந்து, "இன்னொரு கன்னம் வேணும்" என்றார். அங்கிருந்த ஆண்களின் கன்னங்களையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"எனக்குத் தாடி இருக்கே அண்ணே!"

"அதான் வேணும். வெயிலே படாத கன்னம். புதுசு மாதிரி இருக்கும்."

கழிவறையில் வைத்து என் இடது பக்கத் தாடியை வழித்தெடுத்தார். ஆறு மாசத் தாடி, ஐயா! பிறகு முப்பது பிரஷையும் என் கன்னத்தில் இழுத்து, என் கண் துடிப்பதை உற்றுப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் "பாஸ்" என்றார்.

பாதித் தாடியோடு இரண்டு பேர் மேடம் முன்னால் போய் நின்றோம். அவர் ஒரு நிமிஷம் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"என்னண்ணே, இது தொத்து வியாதியா?"

"சரக்கு நல்ல சரக்கு, மேடம். என் கன்னம்தான் கெட்டுப் போச்சு. கருவி சொன்னதுதான் சரி." வேலை அங்கியைக் கழற்றி மடித்தார். "பேசினபடி மேசைய காலி பண்ணிடுறேன்."

 அந்தக் கருவியைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மேடம் கருவியின் பக்கம் திரும்பவே இல்லை. "அப்ப லாரிய அனுப்பலாமா அண்ணே?" என்று அவரிடமே கேட்டார்.

அண்ணன் அங்கியைக் கையில் வைத்துக்கொண்டே தலையாட்டினார்.

"அங்கிய மாட்டிக்கிட்டுப் போய் உக்காருங்க. இனிமே பல்லு புடுங்குனா அன்னைக்கு லீவு போடுங்க லா."

மாலையில் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த என் மனைவி அலறிவிட்டாள். மிச்சத் தாடியையும் உடனே மழிக்கச் சொன்னாள். இந்த வாரம் மட்டும் இப்படியே இருக்கட்டும் என்றேன். தப்புச் செய்துவிட்டோமே என்று நாளைக்கு அந்த மனிதர் கூசிக்கொண்டு வருவார், அவர் மட்டும் தனியாக இருக்க வேண்டாம்.