எதுன்னாலும் சரிக்காரர் கடலுக்குப் போன நாள்

எதற்கும் ஆட்சேபம் சொல்லாத மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் அவர்களைத் தெரியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் “எதுன்னாலும் சரி” என்பார்கள். எங்கே உட்காருகிறீர்கள் என்றால் “எங்கேன்னாலும் சரி” என்று சொல்லிவிட்டு, நீங்கள் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, தோளை லேசாகக் குறுக்கிக்கொண்டு, “இல்ல, பரவாயில்ல” என்பார்கள். யாராவது ஏதாவது கேட்டார்களா? இல்லை. ஆனாலும் நீங்கள் எழுந்துகொள்வீர்கள். உங்கள் நாற்காலி அவருக்குப் போய்விடும். பிடிவாதக்காரரோடு சண்டை போடலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஜெயிக்கவும் செய்யலாம். இவரோடு எதை வைத்துச் சண்டை போடுவது?

எங்கள் குடும்பத்தில் இந்த இனத்தின் முதல்தர மாதிரி ஒருவர் இருக்கிறார். என் அக்காவின் கணவர். அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. காலையிலிருந்து கடை மூடும்வரை, வருகிறவர்களை உயரமான நாற்காலியில் ஏற்றி, மூக்கின்மேல் ஒரு சட்டத்தை மாட்டி, அதில் வில்லைகளை மாற்றி மாற்றிச் சொருகி, “இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?” என்று கேட்பதுதான் அவர் தொழில். வந்தவர் பாவம், “ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்று சொல்லிவிட்டால் அத்தானுக்கு எரிச்சல் வந்துவிடும். உங்கள் கண்ணுக்கு எது வேண்டும் என்று நீங்கள்தானே சொல்ல வேண்டும், நான் எப்படிச் சொல்வது என்பார். இதே மனிதர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும், சோறா ரொட்டியா என்ற கேள்விக்கு இருபத்துநான்கு வருடங்களாகப் பதில் சொன்னதில்லை.

பதில் எதற்கு? முகம் இருக்கிறதே. இடது புருவம் கொஞ்சம் ஏறினால் வேண்டாம் என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தால் கண்டிப்பாக வேண்டாம். “நான் ஒண்ணும் சொல்லலயே” என்று வாயைத் திறந்துவிட்டாலோ, அன்றைக்கு வீட்டில் பாத்திரங்கள்கூடச் சத்தமில்லாமல்தான் நடமாடும். அக்கா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். ஊரில் யார் யார் எத்தனை மணிக்கு வாயைத் திறக்க வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுக்கிறவள் அவள். வீட்டில் இருக்கும் ஒரே ஒரு வாயைத் திறக்க வைக்க மட்டும் அவளால் முடியவில்லை. அதனால் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டாள்.

போன மாதம் கடற்கரைக்குப் போவதென்று பேச்சு வந்தது. அக்கா மகள் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போக வேண்டிய ஊரில் வேலைக்குச் சேர இருந்தாள். திங்கட்கிழமை ரயில். இடையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். நாலு பேரும் சேர்ந்து ஒரு முழு நாள் கடலில் இருந்துவிட்டு வரவேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். நாலாவது ஆள் நான். ஒரு பேக்கரியில் வேன் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேன் சும்மா நிற்கும் என்பதால் முதலாளியிடம் கேட்டு வாங்கியிருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கூட்டம் கூடியது. காகிதமும் பேனாவும் மகள் கையில். அக்காதான் ஆரம்பித்தாள். இரண்டரை மணி நேரத் தூரத்தில் நல்ல வெள்ளை மணலோடு ஒரு கடற்கரை இருக்கிறதாம், அங்கே போகலாமா என்று கேட்டாள். அத்தான் எதுன்னாலும் சரி என்றார். சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். தூரத்துக் கடற்கரை அடிபட்டது. பக்கத்தில் இருப்பதற்கே போகலாம் என்றேன். அதுவும் சரி என்றவர், கூட்டம் இருக்கும், ஆனால் தனக்கென்ன என்றார். கூட்டமே வராத இடமாகப் பார்த்துப் போவதென்று முடிவாயிற்று. ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்றதற்குப் புருவம் ஏறியது. எட்டு என்றோம். இறங்கவில்லை. பத்து என்றோம். இறங்கியது. மணல் என்ற சொல்லைக் கேட்டதும் தம் செருப்பைக் குனிந்து பார்த்தார். ஒன்றுமே சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் எங்கள் முழு நாள் கடற்கரைப் பயணம் எப்படி இளைத்துப் போயிற்று தெரியுமா? பத்து மணிக்குக் கிளம்பி, மணலே இல்லாமல் ஒரு கட்டைச்சுவரும் கார் நிறுத்துமிடமும் மட்டுமே உள்ள ஓர் இடத்துக்குப் போய், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கடலை முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, நெரிசலுக்கு முன்னால் வீடு திரும்புவது. இத்தனைக்கும் அத்தான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கேட்டால் நாங்கள் மூவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்பார். அது உண்மையும்கூட.

மகள் தான் எழுதியதையெல்லாம் ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு அந்தக் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

“அம்மா, இனிமே அப்பா வாயால சொல்றத மட்டும் எழுதுவோம். மூஞ்சிய யாரும் பாக்க வேண்டாம்.”

சொன்னபடியே தலையைக் குனிந்துகொண்டாள். காலை நாலரைக்குக் கிளம்பலாமா அப்பா என்று காகிதத்தைப் பார்த்தே கேட்டாள். அத்தான் வழக்கப்படி பதில் சொன்னார். எழுதிக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அக்கா குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவர் துடைத்தார், துடைத்தார், வில்லை தேய்ந்துவிடும்போலத் துடைத்தார். யாரும் பார்க்காதபோது ஒரு மனிதர் எவ்வளவு நேரம்தான் துடைப்பார்? ஐந்து நிமிடத்தில் திட்டம் முடிந்தது. தூரத்துக் கடற்கரை, நாலரை மணி, முழு நாள். வேனில் முன்னால் உட்காருவீர்களா, பின்னாலா என்ற கேள்விக்கும் அதே பதில். பின்னால் என்று எழுதினாள்.

அப்படியாக ஞாயிறு விடியும் முன்பே, ஜன்னல் இல்லாத பேக்கரி வேனின் பின்பக்கம், அடுக்கி வைத்த வெற்றுத் தட்டுகளுக்கு நடுவே, ஒரு பிரம்பு மோடாவின் மேல் அத்தான் பயணம் செய்தார். வளைவுகளில் தட்டுகள் அவர்மேல் சரியும் சத்தம் முன்னால் எங்களுக்கு நன்றாகவே கேட்டது. போய்ச் சேர்ந்ததும் கதவைத் திறந்தேன். தலையில் ரொட்டித் தூள். எப்படி இருந்தது அத்தான் என்றேன். நல்ல காற்றோட்டமாக இருந்தது என்றார்.

மணல் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆள் நடமாட்டம் குறைவு. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே பாதி தூரம் போயிருந்தாள். மகள் திரும்பி, அப்பா தண்ணீரில் இறங்குகிறாரா, இல்லை பைகளைப் பார்த்துக்கொள்கிறாரா என்று கேட்டாள். என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

“அப்ப பை” என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள்.

அத்தான் பைகளை இறக்கி வைக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். பேன்ட்டுக்கு மேலே இடுப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ எட்டிப் பார்த்தது. நீச்சல் கால்சட்டை. புத்தம் புதியது. விலைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை. இந்த மனிதர் சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் கடைக்குப் போய், தனக்குப் பிடித்த நிறத்தைத் தானே தேர்ந்தெடுத்து வாங்கி, அதை உள்ளே போட்டுக்கொண்டு இரண்டரை மணி நேரம் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்திருக்கிறார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. வாயால் சொல்வதை மட்டும்தான் எடுத்துக்கொள்வது என்று ஒப்பந்தம்.

இரண்டு மணி நேரம் அவர் காவல் காத்தார். நாங்கள் அலையில் விழுந்து எழுந்தோம். அக்கா இருபது வயதுப் பெண்போலக் கத்திக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை கரையைப் பார்த்தேன். பைகள் முன்பு இருந்த இடத்தில் இல்லை, பத்தடி முன்னால் வந்திருந்தன. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இன்னும் பத்தடி. அத்தான் எங்கள் பக்கம் பார்க்காமல், வேறு ஏதோ யோசனையில் இருப்பவர்போல, பைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, தாமும் அவற்றோடு உட்கார்ந்தபடியே நகர்ந்து, ஒன்பது மணி வாக்கில் ஈர மணலுக்கே வந்து சேர்ந்துவிட்டார். அப்போது ஒரு பெரிய அலை வந்தது. அது யாரையும் கேட்கவில்லை. ரொட்டி, அவித்த முட்டை, துண்டுகள், மாற்றுத்துணி எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போயிற்று.

அக்கா ஓடி வந்தாள். பைகளை எதற்கு இங்கே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். அத்தான் இடுப்புவரை நனைந்து எழுந்து நின்றார். புருவம் ஏறியது. கை கண்ணாடிக்குப் போனது. யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் அலையில் உருளும் முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். வேறு வழியே இல்லாமல் போன ஒரு குரலில் சொன்னார்:

“எனக்குக் கடல்ல இறங்கணும்.”

முட்டையோடு நிமிர்ந்த அக்கா அப்படியே நின்றாள். எனக்கு மட்டும் அது காலையிலேயே தெரிந்த செய்தி. கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டுப் பேன்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஆரஞ்சுக் கால்சட்டையோடு அத்தான் கடலுக்குள் நடந்தார்.

இதோடு முடித்துக்கொண்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் மகளுக்கு இரண்டு ஆஸ்பத்திரிகளில் வேலை கிடைத்தது. ஒன்று வீட்டிலிருந்து அரை மணி நேர பஸ். இன்னொன்று இந்த ரயில் ஊர். எதற்குப் போகட்டும் என்று அப்பாவைக் கேட்டாள். என்ன பதில் வந்தது என்று நான் எழுத வேண்டுமா? அன்றைக்கு அவர் முகமும் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே கவலை இல்லை என்று நினைத்துத் தூரத்து வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இப்போது இடுப்பளவு தண்ணீரில் மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கடலைப் பார்த்தபடி அத்தான் சொன்னார்.

“நீ கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம்னு எனக்குத் தோணுது.”

“எப்பலேர்ந்து தோணுது?”

“நீ கேட்ட அன்னைக்கே.”

“அன்னைக்கு மூஞ்சியில ஒண்ணுமே தெரியலயேப்பா. ரெண்டு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“தெரிஞ்சா நீ போகமாட்ட. அதான் மறைச்சுக்கிட்டேன்.”

அவள் முகத்தில் வழிந்த உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, ஒரு வருடம் கழித்து அந்த ஆஸ்பத்திரியின் இந்தப் பக்கத்துக் கிளைக்கு மாற்றல் கேட்க வழி இருக்கிறது, கேட்கவா வேண்டாமா என்றாள். அத்தான் வாயைத் திறந்தார். பழக்க தோஷம், “உனக்கு எது...” என்று ஆரம்பித்துவிட்டார். நல்லவேளை, அடுத்த அலை அந்த வாய்க்குள்ளேயே அடித்தது. துப்பினார், இருமினார், கண் சிவந்தது. இருமலுக்கு நடுவே “கேளு” என்றார்.

“சரிப்பா” என்று சொல்லி, அவர் இடுப்பில் மிதந்துகொண்டிருந்த விலைச் சீட்டை மகள் பிய்த்து எடுத்தாள்.

திரும்பும்போது அத்தான் முன் சீட்டு வேண்டும் என்றார். ஜன்னல் பக்கம் வேண்டும் என்றார். வழியில் டீ குடிக்க வேண்டும், இந்தக் கடை வேண்டாம், அந்தக் கடை வேண்டும், பாட்டை நிறுத்து மாப்ள, வேகத்தைக் குறை மாப்ள என்று இருபத்துநான்கு வருட பாக்கியை இரண்டரை மணி நேரத்தில் வசூலித்தார். பின்னால் தட்டுகளுக்கு நடுவே அக்காவும் மகளும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பழைய ஆளே தேவலாம் போலிருக்கிறதே என்று டீக்கடையில் அக்கா என் காதில் சொன்னாள். அவள் முகத்தில் அப்படித் தெரியவில்லை.

இவ்வளவு நேரம் உங்கள் மாமனாரையோ, ஆபீஸில் பக்கத்து மேசைக்காரரையோ நினைத்துச் சிரித்திருப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இன்றைக்கு வீட்டில் யாராவது உங்களிடம் ஏதாவது கேட்டால், கொஞ்சம் கவனியுங்கள். கேட்டவர் உங்கள் பதிலுக்குக் காது கொடுக்கிறாரா, இல்லை தலையைச் சாய்த்து உங்கள் புருவத்தைப் பார்க்கிறாரா? புருவத்தைத்தான் பார்க்கிறார் என்றால், மேலே எழுதியது யாரைப் பற்றி என்று உங்கள் வீட்டில் எல்லாருக்கும் முன்பே தெரியும். உங்கள் மனம் நோகக்கூடாதே என்று சொல்லாமல் இருக்கிறார்கள்.