இடியம் மாமாவின் இரண்டு நோட்டுகள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிஷத்துக்குத் தபால்காரர் எங்கள் வாசலில் நிற்காமல், தலையைக்கூடத் திருப்பாமல் தாண்டிப் போனார். அன்றைக்குப் பிடித்த நடுக்கம் எனக்கு இன்னும் முழுசாக விடவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் இடியம் மாமாவைச் சொல்லியாக வேண்டும். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் ஆயிரம் பேரை நீங்கள் பார்த்திருக்கலாம். இங்கிலீஷை மடியாக, தீட்டுப் படாமல் பேசியவர் இந்தப் பூலோகத்திலேயே எங்கள் வலியசாலைத் தெருவில் அடுத்த வீட்டில் இருந்த இடியம் மாமா ஒருவர்தான்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாராவது வெளியூர்க்காரர் அந்தப் பெயரைச் சொல்லி வாசலில் விசாரித்தால், மாமியே ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான், "ஆமாம், இந்த ஆத்துலேதான் இருக்கார், வாங்கோ" என்பாள்.

மாமாவுக்குச் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் நகல் எழுதும் குமாஸ்தா வேலை. துரைமார்களின் கடிதங்களை இருபது வருஷம் நகல் எடுத்ததில், அவற்றில் வரும் இடியங்கள் என்னும் மரபுத்தொடர்கள் மேல் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. தனித்தனியாக நாலு வார்த்தைக்கு நாலு அர்த்தம்; நாலும் சேர்ந்தால் சம்பந்தமே இல்லாத ஐந்தாவது அர்த்தம். இது மந்திரம் இல்லாமல் வேறு என்ன என்று தீர்மானித்தார். மந்திரம் என்றால் அதற்கு நியமம் உண்டு அல்லவா?

கல்யாணம், சீமந்தம் போன்ற நல்ல காரியங்களுக்குப் பூர்வம் என்றும், சாவுச் சடங்குகளுக்கு அபரம் என்றும் வைதிகர்கள் தனித்தனிப் புத்தகம் வைத்துக்கொள்வார்கள். மாமாவும் அப்படியே இரண்டு நோட்டுப் போட்டார். பூர்வ நோட்டுக்குச் சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றிச் சுவாமி அலமாரியில் வாசம். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று இடது பக்கம் இருந்தால், 'அத்தி பூத்தாற்போல்' என்று வலது பக்கம் அச்சடித்த மாதிரி எழுதியிருப்பார். அபர நோட்டு, கோணிச் சுருளுக்குள் மாட்டுக்கொட்டிலின் கூரையில் செருகிக் கிடந்தது. 'கிக் த பக்கெட்', 'கிவ் அப் த கோஸ்ட்', 'ஒன் ஃபுட் இன் த க்ரேவ்' என்று சாவைச் சொல்வதெல்லாம் அங்கே. அதைத் திறந்தால் கிணற்றடியில் தலைக்கு நாலு குடம் ஊற்றிக்கொள்ளாமல் வீட்டுக்குள் வர மாட்டார்.

சில இடியங்கள் எந்த நோட்டில் சேரும் என்பதில் அவருக்குப் பெரும் சங்கடம். ஒரே கல்லில் இரண்டு பறவையைக் கொல்லுகிற இடியத்தைப் பற்றி மூன்று நாள் யோசித்தார்.

"காரியசித்தியைச் சொல்றது. பூர்வத்துலே சேர்க்கலாம்தான்" என்று என் வீட்டுக்காரரிடம் வந்து முறையிட்டார். "ஆனா ரெண்டு பட்சி போயிடறதே, ஓய்! நம்மவா மாங்காயோட நிறுத்திண்டா. வெள்ளைக்காரனுக்கு மாங்காயா கிடைக்கலை?"

கடைசியில் அதுவும் கொட்டிலுக்குத்தான் போயிற்று.

எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மாங்கல்யதாரணம் முடிந்த கையோடு சம்பந்தி, தமக்கும் இங்கிலீஷ் தெரியும் என்று காட்டுவதற்காக, 'டை த நாட்' என்று ஏதோ சொல்லிவிட்டார். மாமா பந்தலின் கோடியிலிருந்து பாய்ந்து வந்தார்.

"ஒரு முடிச்சுன்னு சொல்லப்படாது. அது அவா கணக்கு. நமக்கு மூணு முடிச்சு. ரெண்டு முடிச்சைக் கணக்கிலேர்ந்து தள்ளிட்டா இந்தக் கல்யாணம் செல்லுமோ?"

சம்பந்திக்கு முகம் சிவந்துவிட்டது. பெண்ணின் அப்பா நடுவில் புகுந்து இருவருக்கும் தனித்தனியாகச் சந்தனம் பூசிச் சமாதானம் செய்தார்.

ஆபீஸிலும் இதே கூத்துதான். அங்கே சூப்பரிண்டெண்ட் ஒரு மலையாளி, நல்ல மனிதர். ஒரு நாள் பேச்சுவாக்கில், பழைய சேவகன் ஒருவன் செத்ததை 'கிக்ட் த பக்கெட்' என்று சொல்லிவிட்டார். மாமா பேனாவை வைத்தார், எழுந்தார், கோயில் குளத்துக்குப் போனார். முக்கால் மணி கழித்துச் சொட்டச் சொட்ட வந்து நாற்காலியில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார். தண்ணீர் பட்டு மசியெல்லாம் ஓடியது.

"எந்தா ஸ்வாமி இது?" என்றார் சூப்பரிண்டெண்ட்.

"சாருக்கு அது இடியம். நமக்குத் தீட்டு."

இப்படிப்பட்டவரிடம்தான் நான் போய் நிற்க வேண்டி வந்தது.

என் ஒரே பிள்ளை மணி, பொன்முடிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் ரைட்டர் வேலைக்குப் போயிருந்தான். பத்தொன்பது வயது. போக வேண்டாம் என்று நான் அழுதும் கேட்கவில்லை. ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டேன்: திங்கட்கிழமைதோறும் ஒரு கார்டு வர வேண்டும். ஏழு மாதம் தவறாமல் வந்தது. தபால்காரர் தாண்டிப் போன அந்தத் திங்களன்றுதான் முதல் தடவை வரவில்லை.

"மழையில் தபால் தாமதப்படும்" என்றார் என் வீட்டுக்காரர். ஆனாலும் அன்றே எஸ்டேட் துரைக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் போட்டார். பதில் இல்லை. அடுத்த திங்கட்கிழமையும் கார்டு இல்லை. அன்று மத்தியானம், மலையடிவாரத்தில் வித்துரா சந்தைக்குப் போய்வந்த மிளகு வியாபாரி ஒருவர், மேலே கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களில் கடுமையான காய்ச்சல், ஆட்கள் இறங்கிப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்கு இழுப்பு. பத்துப் படி ஏறினால் மூச்சு முட்டும். மலை ஏறுகிற பேச்சே இல்லை.

"வெறும் இங்கிலீஷ் லெட்டரை துரை சட்டை பண்ணுவானோ? இடியம் போட்டு எழுதணும்" என்று தெருவே ஒரு குரலில் சொன்னது. சாயங்காலம் மாமா ஆபீஸிலிருந்து வந்ததும் ஓடினேன்.

மாமா கைகால் அலம்பிக்கொண்டு பூர்வ நோட்டைப் பிரித்தார்.

"ஹோப் அகெய்ன்ஸ்ட் ஹோப்னு ஆரம்பிக்கலாமா?" என்றவர், தாமே தலையை ஆட்டினார். "வேண்டாம். ஹோப் இருக்கட்டும். அகெய்ன்ஸ்ட் எதுக்கு?"

அதை அடித்தார். இன்னொன்று எழுதினார். அதையும் அடித்தார். நான் தரையில் உட்கார்ந்து அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரம் வந்தது, போயிற்று. காகிதத்தில் 'டியர் சார்' மட்டும் மிஞ்சியது.

"கேட்டியோ மீனாக்ஷி, நோ ந்யூஸ் இஸ் குட் ந்யூஸ்னு ஒண்ணு இருக்கு. சேதி இல்லேன்னா நல்ல சேதின்னு அர்த்தம். அது ரொம்ப..."

"மாமா, எனக்கு நல்ல சேதி வேண்டாம். ஏதாவது ஒரு சேதி வேணும். என் குழந்தை இருக்கானா இல்லையான்னு எழுதிக் கேளுங்கோ."

அவர் நோட்டை மூடினார். "அதைக் கேக்கற வார்த்தை இந்த நோட்டிலே இல்லை."

"அந்த நோட்டை எடுங்கோ."

"ஜீவிச்சிருக்கற பிள்ளைக்கு அதைத் திறக்க மாட்டேன். கையை வெட்டினாலும் மாட்டேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆங்காரம் வந்ததோ தெரியாது. "ஒரு கடுதாசி எழுதக் கையாலாகலை. உமக்கு எதுக்கு இந்தப் பாஷையும் பட்டுத் துணியும்? ஊரெல்லாம் உம்மைப் பார்த்துச் சிரிக்கறது, தெரியுமோ?" என்று கத்தினேன். மாமி அடுக்களையிலிருந்து வந்து திகைத்து நின்றாள். மாமா பேனாவின் மசியைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

என்னைவிடப் பெரியவரை அப்படிப் பேசியது என் ஜன்மத்தில் அதுதான் முதல் தடவை. விடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"மாமா இல்லை" என்றாள் மாமி. "விடியறதுக்கு முன்னாடி குடையை எடுத்துண்டு போயிட்டார். காப்பிகூடச் சாப்பிடலை. எங்கேன்னு கேட்டேன், வாயே திறக்கலை."

செவ்வாய் போயிற்று. புதன், ஆபீஸிலிருந்து சேவகன் வந்து தேடினான். இருபது வருஷத்தில் சொல்லாமல் லீவு எடுத்தவரில்லையாம். மாமி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். நான் என் வாசலில் நின்றேன். ஒரு வாயால் இரண்டு வீட்டையும் கெடுத்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை முழுக்க மழை.

இதையெல்லாம் இன்று எழுதும்போது மணி கொல்லத்தில் கல்யாணம் ஆகிக் குடித்தனம் நடத்துகிறான். மாமா பென்ஷன் வாங்கிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் பெண்ணிடம் போய்விட்டார். அடுத்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். இங்கிலீஷைச் சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள், அதற்காகக் குளிப்பதுமில்லை. தெருவே வெறிச்சென்று இருக்கிறது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் தபால்காரர் தெருமுனையில் திரும்பினால் என் கை தானாக வாசல் நிலையைப் பிடித்துக்கொள்கிறது.

மாமா போன அந்த வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். மழை விட்டிருந்தது. தெருக்கோடியில் ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய வேஷ்டி முழுக்கச் செம்மண். கெண்டைக்காலில் அட்டை கடித்த இடங்களிலெல்லாம் ரத்தம் கறுத்திருந்தது. குடையில் கம்பிகள்தான் மீதி. மாமாவேதான். வித்துரா வரைக்கும் பஸ்ஸில் போய், அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் அந்த மழையில் நடந்தே ஏறியிருக்கிறார். தம் வீட்டுப் படியைத் தாண்டி நேரே என் வாசலுக்கு வந்தார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு இங்கிலீஷ் வார்த்தை கலக்காமல் சொன்னார்:

"இருக்கான். ஜ்வரம் நேத்திக்கு விட்டுடுத்து. பேனா பிடிக்க முடியாம கை நடுங்கறது, அவ்வளவுதான். துரை ஊரிலே இல்லை. உங்காத்துக்காரர் லெட்டர் பிரிக்காம மேஜையிலே கிடக்கு. லயத்துலே ஒரு அம்மா கஞ்சி வெச்சுக் குடுத்தா. அவனும் குடிச்சான், நானும் குடிச்சேன். என்னடி அப்படிப் பார்க்கறே? முதல்ல அழுது தீர்த்துடு, மீனாக்ஷி. நான் இங்கேயே நிக்கறேன்."