தேடியைத் தேடிப் போனவள்

ஏழைகளைப் பட்டினி போட்ட அரசாங்கங்கள் உலகில் எத்தனையோ உண்டு. ஆனால் பட்டினி போட்ட ஏழையைத் தன் சொந்தச் செலவில் பூமியின் அடிவயிறு வரைக்கும் கப்பலில் அழைத்துப்போய், அங்கே சாப்பாடு போட்டு 'சீர்திருத்திய' பெருமை ஆங்கிலேய அரசாங்கம் ஒன்றுக்கே சேரும். நன்றி கெட்ட அயர்லாந்துக்காரர்கள் இதற்காக ஒரு சிலைகூட எழுப்பவில்லை. வின்னி கோகன் மட்டும் விதிவிலக்கு. மற்றவர்கள் அழுது அரற்றி ஏற்றுக்கொண்ட அந்தக் கருணையை அவள் வாய்விட்டுக் கேட்டு வாங்கினாள்.

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் அந்த வருஷம் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போயிற்று. மற்றபடி விளைச்சலுக்குக் குறைவில்லை. ஓட்ஸும் வெண்ணெயும் வழக்கம்போல விளைந்து, வழக்கம்போல இங்கிலாந்துக்குக் கப்பலேறின. வின்னியின் கைப்பிள்ளை பசியில் போயிற்று. அதற்குப் பிறகுதான் அவள் புருஷன் பண்ணையாரின் ஆடு ஒன்றை இழுத்து வந்து அறுத்தான். அடுப்பில் ஏற்றும் முன்பே பிடிபட்டான். ஆடு செத்ததற்கு வழக்கு நடந்தது. பிள்ளை செத்ததற்குச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை. அவனை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காலனிக்கு நாடு கடத்தும்படி உத்தரவாயிற்று.

அவனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ததேயு. ஊர் வாய் அதைத் தேய்த்துத் தேடி ஆக்கியிருந்தது. ஆக, தேடி போய்விட்டான். தேடுவது வின்னியின் பாடாயிற்று.

கப்பல் கூலி கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை. திருடர்களை மட்டும் அரசாங்கம் இலவசமாக ஏற்றிச் செல்கிறது என்று கேள்விப்பட்டாள். சரி, திருடியாகிவிடுவது என்று தீர்மானித்தாள். பிறந்ததிலிருந்து பிறத்தியார் வீட்டுக் கிழங்குத் தோலைக்கூடத் தொட்டறியாதவளுக்கு அந்தத் தொழில் லேசில் வரவில்லை. முதலில் போலீஸ்காரர் வீட்டுக் கோழியைத் தூக்கினாள். வழிதவறிய கோழியைப் பிடித்துக் கொண்டுவருகிறாள் என்று நினைத்து அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். பிறகு கடையில் ஒரு கம்பளித் துணியை எல்லாரும் பார்க்க எடுத்து மடியில் செருகினாள். கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளிருக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். குற்றம் செய்ய நினைப்பவர்களுக்கு நல்லவர்கள் எத்தனை பெரிய இடைஞ்சல் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

கடைசியில் பண்ணையாரின் காரியஸ்தர் வீட்டுச் செவலைப் பசுவை ஓட்டி வந்து, நீதிமன்றத் தூணிலேயே கட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கனம் நீதிபதி க்ரோக்கட் இளகிய மனசுக்காரர். காலை உணவு திருப்தியாக அமைந்த நாட்களில் இன்னும் இளகுவார். எலும்பும் தோலுமாக நின்றவளைப் பார்த்து, உள்ளூர்ச் சிறையில் ஒரு மாதம் போதும் என்றார்.

"ஐயா, பெரிய மனசு பண்ணி ஏழு வருஷமாப் போட்டுக் குடுங்க," என்றாள் வின்னி.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, செஞ்ச தப்புக்குக் கொஞ்சமாவது வருத்தப்படுறியா?"

"இல்லீங்க. விட்டீங்கன்னா திரும்பத் திருடுவேன். அடுத்தது உங்க வீட்டுக் குதிரைதான். கறுப்புக் குதிரை, நெத்தியில வெள்ளைச் சுட்டி. லாயத்துத் தாழ்ப்பாள் சரியில்லைங்க."

நீதிபதியின் இளகிய மனசு அந்த இடத்தில் சட்டென்று இறுகி, ஏழு வருஷ நாடுகடத்தலாக வெளிப்பட்டது. தீர்ப்பைக் கேட்டு மயங்கி விழுந்த பெண்களை அவர் பார்த்திருக்கிறார். "மகராசனா இருங்க" என்று வாழ்த்திய பெண்ணை அன்றுதான் பார்த்தார்.

கப்பலில் காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் உப்பிட்ட மாட்டிறைச்சி. வின்னி முதல் கிண்ணக் கஞ்சியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அது மேயோவில் விளைந்த ஓட்ஸாகக்கூட இருக்கலாம். அதைத் தின்ன ஓர் அயர்லாந்துக்காரி குற்றவாளியாக வேண்டியிருந்தது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை நினைவு வந்தது. பிறகு குடித்துவிட்டாள்.

கரை இறங்கியதும் புருஷனைப் பற்றி விசாரித்தாள். உள்நாட்டில் ஒரு வெள்ளாமைக்காரத் துரையிடம் அவனை வேலைக்கு விட்டிருப்பதாகச் சொன்னார்கள். என்ன வேலை? மந்தை மேய்க்கும் வேலை. ஓர் ஆட்டைத் திருடியவனிடம் ஆயிரம் ஆட்டை ஒப்படைத்திருந்தார்கள். இப்பேர்ப்பட்ட நம்பிக்கையை எந்த நாட்டுச் சட்டம் ஒரு திருடன்மேல் வைக்கும்?

வின்னியைப் 'பெண்கள் தொழிற்சாலை'யில் சேர்த்தார்கள். அங்கே இரண்டு சரக்குகள் உற்பத்தியாயின: கம்பளி நூல், குடும்பப் பெண். கம்பளி நூலுக்கு ராட்டை இருந்தது. குடும்பப் பெண்ணை உற்பத்தி செய்ய மேற்பார்வையாளர் திரு. பெட்டிக்ரூ இருந்தார். புருஷனைப் பார்க்க வேண்டும் என்று வின்னி ஓயாமல் கேட்டதை 'அடங்காமை' என்று முடிவு செய்து, ஒழுக்கம் வளர்வதற்காக அவள் தலைமுடியை ஒட்ட நறுக்கினார்.

மாதாமாதம் அங்கே 'மாப்பிள்ளை நாள்' நடக்கும். பெண் துணை இல்லாத காலனி ஆண்கள் வருவார்கள். பெண்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். வந்தவன் சந்தையில் மாடு பார்ப்பதுபோலப் பார்த்து, பிடித்தவள் முன்னால் கைக்குட்டையைப் போட வேண்டும். அவள் குனிந்து எடுத்தால் சம்மதம். இதைவிடக் கண்ணியமான முறை கிடையாது என்பது திரு. பெட்டிக்ரூவின் அபிப்பிராயம். அவர் மாப்பிள்ளையாக அங்கே வந்ததில்லை. பெண்ணாக நின்றதும் இல்லை.

அப்படி ஒரு நாளில், துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, முகம் வெயிலில் கருகிப்போன ஓர் ஆட்டிடையன் வந்தான். வரிசையை ஒரு நோட்டம் விட்டவன், மொட்டைத் தலையோடு நின்ற வின்னியைக் கடந்து போய், சட்டென்று நின்று, திரும்பி வந்தான். கைக்குட்டை போட மறந்துவிட்டான். அவளே அவன் சட்டைப் பையிலிருந்து உருவிக் கீழே போட்டு, அவளே எடுத்துக்கொண்டாள்.

"யோவ், தாண்டிப் போறியே," என்றாள்.

"முடி இல்லாம தெரியலடி," என்றான் தேடி.

திரு. பெட்டிக்ரூ மகிழ்ந்துபோனார். பெயர் கேட்டார். இருவருக்கும் கோகன் என்று ஒரே குடும்பப் பெயர் வந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"இவ உனக்கு என்ன வேணும்?"

"என் பெண்டாட்டிங்க."

"அப்போ நீ இவளைக் கட்டிக்க முடியாதே."

"கட்டியாச்சுங்களே. இவ இங்க வந்த சேதி தெரிஞ்சு கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

திரு. பெட்டிக்ரூ பொறுமையாக விளக்கினார். மேற்படி தொழிற்சாலையிலிருந்து ஒரு பெண்ணை ஒருவன் கல்யாணம் செய்து கூட்டிப்போகலாம். ஏற்கனவே மனைவியானவளைக் கல்யாணம் செய்ய முடியாது. மனைவி என்ற முறையில் கூட்டிப்போக வேண்டுமென்றால், கல்யாணம் செய்துவைத்த பாதிரியாரிடமிருந்து அத்தாட்சி வர வேண்டும். அந்தப் பாதிரியாரையும் பஞ்சக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது என்று வின்னி சொன்னாள். அதற்கு அவர் வருத்தம் தெரிவித்தார்.

"ஆக, முன்னப்பின்னத் தெரியாத எவன் வேணா என்னைக் கூட்டிட்டுப் போகலாம். என் புருஷன் மட்டும் கூடாது. அப்படித்தானேய்யா?"

"இப்பத்தான் சரியாப் புரிஞ்சுக்கிட்டே," என்று திரு. பெட்டிக்ரூ அவளைப் பாராட்டினார். "நீ மட்டும் விதவையா இருந்தேன்னா, இந்த நிமிஷமே இவனோட அனுப்பிருவேன்."

அவள் கையிலிருந்த கைக்குட்டையைத் திரும்ப வாங்கித் தேடியிடம் கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னார்.

அன்று ராட்டையில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. பக்கத்து ராட்டையில் கார்க் நகரத்து ஜோஹன்னா இருந்தாள். பிக்பாக்கெட் தொழிலில் பேர் வாங்கியவள். எவர் சொன்ன வார்த்தையையும் எடைபோடத் தெரிந்தவள். "அடியே வின்னி, அந்த ஆளு உனக்கு வழியைத்தான் சொல்லிக் குடுத்திருக்கான். புருஷனைக் கொன்னுடு," என்றாள்.

யோசனை எளிதுதான். மேயோவில் கட்டிய புருஷன் செத்துவிட்டான் என்று பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். தேடி வேறு குடும்பப் பெயரில் புது ஆளாக வர வேண்டும். ஆனால் வின்னிக்கு நெஞ்சு ஒப்பவில்லை. பசுவைத் திருடியவள்தான், ஆனால் சத்தியத்தில் பொய் சொன்னதில்லை. அதைவிட, உயிரோடு இருப்பவனைச் செத்தான் என்று வாய்விட்டுச் சொன்னால் அது பலித்துவிடுமோ என்று பயந்தாள். அடுத்த மாதம் தேடி வந்தபோது, வேலி ஓரம் நிறுத்தி அதைத்தான் சொன்னாள். இன்னும் எத்தனை வருஷமானாலும் காத்திருப்பதாகவும் சொன்னாள்.

தேடி தொப்பியைக் கழற்றினான்.

"பிள்ளை செத்துப்போகும்னு நாம யாரு வாயால சொன்னோம்?" என்றான். "சொல்லியா செத்துச்சு?"

வின்னி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், விதவையானாள்.

திரு. பெட்டிக்ரூ அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். மேயோவிலிருந்து புதிதாக வந்த பெண் ஒருத்தி சேதி சொன்னதாகவும், தேடி கோகன் கடலில் விழுந்து செத்ததாகவும் அவள் சத்தியம் செய்தாள். கடலில் விழுந்த அந்த ஆள் புதுக் குடும்பப் பெயரோடு முற்றத்தில் நின்று தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அவர் ஜன்னல் வழியாக அவனை ஒருமுறை பார்த்தார், அவளையும் பார்த்தார். அரசாங்க ஊழியன் கண்ணால் காண்பதை நம்பக் கூடாது, சத்தியப்பிரமாணத்தை மட்டுமே நம்ப வேண்டும் என்பதில் அவர் உறுதியானவர்.

கல்யாணம் அந்த வாரமே நடந்தது. பாதிரியார் மாப்பிள்ளையிடம், இறந்துபோனவனைவிட இவளை நல்லபடியாக வைத்துக்கொள்வாயா என்று கேட்டார்.

"கண்டிப்பாங்க. அவன் ஒரு ஆட்டைக்கூட ஒழுங்காத் திருடத் தெரியாத பய," என்றான் தேடி.

"செத்தவனைப் பத்தித் தப்பாப் பேசாதய்யா," என்றாள் வின்னி. பாதிரியார் அவளுடைய விசுவாசத்தை மெச்சினார்.

எல்லாம் முடிந்ததும் திரு. பெட்டிக்ரூ ஒரு சிற்றுரை ஆற்றினார். ஒரு திருடன் பெண்டாட்டி, தானும் திருடி, இன்று ஒழுக்கமான இடையனின் இல்லத்தரசியாகப் போகிறாள். இந்த வெற்றியை லண்டனில் உள்ள மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்காக அவள் வாயாலேயே இரண்டு வார்த்தை வேண்டும்.

"சொல்லும்மா. அரசாங்கம் உன்னைக் கப்பலேத்தாம ஊர்லயே விட்டிருந்தா, உன் கதி என்ன ஆயிருக்கும்?"

வின்னி அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"திருடத் தெரிஞ்சிருக்காதுங்க. பொய்ச்சத்தியம் பண்ணத் தெரிஞ்சிருக்காது. நல்ல பொம்பளையாவே இருந்து, அந்தக் குளிர்காலத்துலயே பசியில செத்திருப்பேன்."