கதவில்லாத கூண்டில் கம்ப்யூட்டர்

எனக்குக் கோபம் வந்தால் மூளை கடையைச் சாத்திவிட்டுப் போய்விடும். அப்படி ஒரு நாளில்தான் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பூட்டு வாங்கக் கிளம்பினேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் திருட்டுப் போயிருந்தது. எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதம்தான். தங்கை செல்விக்குக் கல்லூரியில் கடைசி வருடம். காளவாசலில் ஒரு கடைக்காரர், கம்ப்யூட்டரை மேசையோடு கட்டிவைக்க ஒரு மெல்லிய கம்பியைக் காட்டினார். முனையில் குட்டிப் பூட்டு.

“இதுல நாய்க்குட்டிகூட நிக்காதுய்யா!” என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். அடுத்த கடையில் பூட்டு பெரிதுதான். ஆனால் கள்ளச்சாவி போட்டுவிட்டால்? (திருடனும் என்னை மாதிரி வேலையில்லாமல் யோசிப்பான் என்று நினைப்பு.)

நேராக கிரில் பட்டறைக்குப் போனேன். “சி.பி.யு.வச் சுத்தி இரும்புக் கூண்டு அடிங்க.”

“கதவு எந்தப் பக்கம்ணே?”

“கதவு இருந்தாத்தான பூட்டணும்? பூட்டு இருந்தாத்தான திறப்பான்? மொத்தமா அடைச்சிருங்க.”

“யோசிச்சுக்கங்கண்ணே.”

“பட்டறை உங்களுது, கம்ப்யூட்டர் என்னுது!”

பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்தார். தீப்பொறி படாமல் சி.பி.யு.வுக்கு ஈரச்சாக்கைப் போர்த்தி, கூண்டை இரும்பு மேசையோடு வெல்டிங் வைத்துவிட்டுக் கொட்டாம்பட்டிக்கு இரண்டு நாள் வேலையாகப் போய்விட்டார். விளக்குமாற்றுக் குச்சியால் பட்டனைக் குத்தினேன். கம்ப்யூட்டர் ஓடியது. (மானிட்டர் கூண்டுக்கு வெளியே இருப்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.)

மறுநாள் காலை செல்வி அலறினாள். “அண்ணே, என் ப்ராஜெக்ட் ஃபிளாப்பி உள்ள மாட்டிக்கிருச்சு! மத்தியானத்துக்குள்ள குடுக்கலேன்னா பெயிலு!”

மறுபடியும் குச்சி. ஃபிளாப்பி அரை விரல் வெளியே வந்து கம்பியில் முட்டி நின்றது. ரம்பத்தால் அறுத்தேன். மூன்று பிளேடு உடைந்தது. கம்பியில் ஒரு கீறல்.

“திருடன் வந்திருந்தாக்கூட கெஞ்சிக் கேட்டா குடுத்திருப்பான்!” என்று அழுதாள்.

வேறு வழியில்லை. மேசையோடு கூண்டை லோடு ஆட்டோவில் ஏற்றித் திருமங்கலத்தில் இருந்த அவள் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க என்னைத் திட்டினாள். நாலு பேர் சேர்ந்து வகுப்புக்குள் தூக்கி வைத்தோம்.

பேராசிரியர் கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கம்பிக்குள் எட்டிப் பார்த்தார்.

“கடிக்குமாப்பா?”

வகுப்பே சிரித்தது. செல்வியும் சிரித்துத் தொலைத்தாள். அதனால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். குச்சியால் ஃபிளாப்பியை உள்ளே தள்ளி, ப்ராஜெக்டை ஓட்டிக் காட்டிப் பாஸானாள்.

இன்று அவளுக்கு இரண்டு பிள்ளைகள். நான் போனோ மிக்ஸியோ புதிதாக எதை வாங்கிக்கொண்டு போனாலும் இரண்டும் இரண்டடி தள்ளி நின்றுகொள்ளும்.

“மாமா, கடிக்குமா?”

“கடிக்கும். தள்ளிப் போங்கடா!” என்பேன்.