பீரங்கிக்குச் சுத்திய பூசணிக்காய்

கேரள எல்லைக்குள், பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் மீனாட்சிபுரம் வட்டாரத்தில் கண் திருஷ்டி என்ற ஒன்றே இல்லாமல் ஒழிந்துபோனதென்றால், அதற்கு எங்கள் திருஷ்டி அக்காதான் காரணம். எங்கள் பால் சொசைட்டியில் பால் அளப்பது அவர் வேலை. கன்றுக்குட்டிக்குச் சுத்துவார், பால் வண்டிக்குச் சுத்துவார். புதிதாக வந்த கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் சுத்தி, அதன் தலையிலேயே பிழிந்தார். அது அன்றே கண்ணை மூடிவிட்டது.

"பாத்தீங்களா தம்பி, எத்தன கண்ணு பட்டிருக்குதுன்னு" என்றார். செக்ரட்டரியான நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

போன வருஷம் அவருடைய ஒரே மகனுக்குப் பட்டாளத்தில் வேலை கிடைத்தது. அக்காவின் பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் சொசைட்டியிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு மலைக்கோட்டைக்கு டூர் போனோம். உச்சியில் பழைய பீரங்கி ஒன்று. பக்கத்திலேயே போரில் இறந்த உள்ளூர் ஜவான்களுக்கு நினைவுத்தூண். முட்டிவலிக்காரி அக்கா கனமான பையோடு எல்லாருக்கும் முன்னால் ஏறினார்.

"பையில என்னங்க அக்கா?"

"புளிசாதமுங்க."

மூச்சு வாங்க மேலே போய் நிமிர்ந்தேன். பீரங்கிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பீரங்கியின் வாய்க்கு நேராக நின்று, கற்பூரம் எரிய எரிய, அக்கா பூசணிக்காய் சுத்திக்கொண்டிருந்தார். நான் ஓடுவதற்குள் ஓங்கிப் போட்டு உடைத்தார். குங்குமச் சாறு நினைவுத்தூணின் படியெல்லாம் சிவப்பாகத் தெறித்தது. கூட வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

காவல்காரர் மீசை துடிக்க ஓடிவந்தார். அவரும் பழைய பட்டாளத்துக்காரர்தான்.

"ஏம்மா, புத்தி இருக்கா உனக்கு? உயிரக் குடுத்தவங்க இடம் இது. போலீசக் கூப்பிடவா?"

"பீரங்கிக்குத்தானுங்க சுத்துனேன்."

"அது வெடிச்சதெல்லாம் எங்க பாட்டன் காலத்துல."

"அதோட பேரம்பேத்தியெல்லாம் எல்லையில வெடிச்சுக்கிட்டுத்தானுங்களே இருக்குது? என்ற பையன் அங்கதானுங்க போறான்."

அக்கா தூணில் செதுக்கியிருந்த பெயர்களையே பார்த்தபடி, "இந்தப் பசங்களுக்கெல்லாம் யாரும் சுத்திப் போடலீங்களாட்ட இருக்குது" என்றார்.

காவல்காரர் போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். நான் ஊற்ற ஊற்ற, அக்கா முந்தானையாலேயே படியைத் துடைத்தார். திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்னொரு வாளித் தண்ணீர் எடுத்துவரத்தான் போனேன்.

மகனை ரயிலேற்ற பாலக்காட்டு ஸ்டேஷனுக்கு நானும் போனேன். வண்டி கிளம்பும் நேரமாகியும் அக்கா பையைத் திறக்கவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

"அக்கா, சுத்துங்க. நேரமாச்சு."

"இத்தன நேரமா அவனையே பாத்துட்டு நின்னுட்டனுங்க தம்பி. என்ற கண்ணே பட்டிருக்கும். நீங்க சுத்துங்க."

பிறந்ததிலிருந்து யாருக்கும் சுத்தாத நான், அக்காவின் பையைத் திறந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து அவனுக்குச் சுத்தினேன். வண்டி நகர்ந்து மறைந்ததும் பையில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, அக்காவைக் கிழக்கே பார்த்து நிற்கவைத்து, அவருக்கும் சுத்திப் போட்டேன். அவர்மீது யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது.